டாக்டர் முன்னால வாயே வர மாட்டேங்கு

வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல, நாள்பட்ட நோயோட இருக்கவங்க, கை கால் கண் காதுல குறைபாடு இருக்கவங்க, ஆஸ்பத்திரியில சொல்ல நெனச்சும் சொல்ல முடியாம திரும்பி வந்தது என்னன்னு எழுதி அனுப்புங்கன்னு கேட்டிருந்தேன். முக்கூடல், விக்கிரமசிங்கபுரம், பாளையங்கோட்டை, திசையன்விளை, சங்கரன்கோவில்னு நாலா பக்கமும் இருந்து கடுதாசியும் வாட்ஸ்அப்பும் வந்து குமிஞ்சு கெடக்கு. எல்லாத்துக்கும் ஒரே இதழ்ல எடம் காணாது, அதனால பல பேருக்குப் பொருந்துததா பாத்து எடுத்திருக்கேன். ஊர் மட்டும்தான் போடுதேன், பேரு யாருதும் போடல. நான் வருசக்கணக்கா வார்டுல நர்ஸா நின்னவ, டாக்டர் மேசைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்குன்னு பாத்தவ, அத வச்சுத்தான் சொல்லுதேன்.

கேள்வி (முக்கூடல் பக்கம், 43 வயது): அக்கா, நான் சின்னப் பிள்ளையில இருந்து பீடி சுத்துதேன். இப்ப நாலு வருசமா முடக்குவாதம், காலையில எந்திரிச்சா விரல மடக்க முடியல. டாக்டர் ரூமுக்குள்ள போனதும் ‘என்னம்மா செய்யுது’ன்னு கேப்பாரு, நான் வாயத் தொறக்கதுக்குள்ள எங்க வீட்டுக்காரர் ‘மூட்டு வலிதான் சார், இப்ப பரவால்ல’ன்னு சொல்லிருவாரு, டாக்டரும் அதே மாத்திரைய எழுதிருவாரு. வெளிய வந்த பெறவுதான் கேக்கணும்னு நெனச்சதெல்லாம் ஞாபகத்துக்கு வருது. டாக்டர் முன்னால எனக்கு வாயே வர மாட்டேங்கு. எப்பிடிக்கா பேச?

பதில்: தங்கச்சி, ‘பரவால்ல’ங்கிற அந்த ஒத்த வார்த்தைதான் உங்களுக்கு எதிரா வேலை பாத்துக்கிட்டு இருக்கு. டாக்டர் காதுல பரவால்லன்னு விழுந்தா மருந்து கேக்குதுன்னுதான் அவரு எடுத்துக்கிடுவாரு, டோஸக் கூட்ட மாட்டாரு, வேற மருந்துக்கு மாத்த மாட்டாரு, ரத்தம் டெஸ்ட் எழுத மாட்டாரு. அவரையும் முழுசா குத்தம் சொல்ல முடியாது, வெளிய சீட்ட வச்சுக்கிட்டு அத்தன பேரு நிக்காங்க, ஒரு ஆளுக்கு ரெண்டு நிமிசம் மூணு நிமிசம்தான் அவருக்கு வாய்க்கும். அந்த ரெண்டு நிமிசத்துல என்ன சொல்லணுங்கத நீங்க வீட்டுல வச்சே முடிவு பண்ணிட்டுப் போகணும், அங்க போயி யோசிச்சா வராது, யாருக்கும் வராது.

வெறும ‘வலிக்கு’ன்னு சொல்லாதீங்க. வலிய அளக்க அவருகிட்ட கருவி கெடையாது, எல்லாரும் வலிக்குன்னுதான் சொல்லுதாங்க. எந்த வேலைய முன்ன செஞ்சீங்க, இப்ப எத செய்ய முடியலன்னு சொல்லுங்க. ‘முன்னாடி நாளைக்கி ஆயிரம் பீடி சுத்துவேன் சார், இப்ப நானூறு தாண்ட மாட்டேங்கு, இலை வெட்ட கத்திரியப் பிடிக்க முடியல, சேலைக்குக் கொசுவம் வைக்க எம் மவ வரணும், தண்ணிக் கொடத்த இடுப்புல ஏத்த முடியல’ன்னு நீங்க சொன்னா எந்த டாக்டரும் தலைய நிமித்திப் பாப்பாரு. அதோட முக்கியமா, காலையில எந்திரிச்சு விரல் சரியா மடங்க எவ்வளவு நேரம் ஆவுதுன்னு கடிகாரத்தப் பாத்துக் குறிச்சு வைங்க. வயசானவங்களுக்கு வார தேய்மானத்துல அந்த விறைப்பு பெரும்பாலும் அர மணி நேரத்துக்குள்ள விட்டுரும், முடக்குவாதத்துல ஒரு மணி நேரம், அதுக்கு மேலயும் இழுக்கும். ‘ஒன்ற மணி நேரம் ஆவுது சார், ரெண்டு கையிலயும் விரல் முட்டி வீங்கியிருக்கு’ன்னு சொன்னா, நோய் இன்னும் அடங்கலன்னு அவருக்கு அந்த ஒரு வரியிலயே வெளங்கிரும்.

முத நாள் ராத்திரி ஒரு தாள்ல மூணே மூணு கேள்வி எழுதிக்கிடுங்க, எழுத வராட்டி மவளையோ மவனையோ எழுதச் சொல்லுங்க. பெரிய கவலை எதுவோ அது முதல்ல வரணும். நம்ம ஆளுக பாதிப் பேரு கதவுப் பிடியில கைய வச்ச பெறவுதான் ‘அப்பொறம் சார்’னு ஆரம்பிச்சு முக்கியமான விசயத்தச் சொல்லுவாங்க, அதுக்குள்ள அடுத்த ஆளு உள்ள வந்திருக்கும். தாளப் பாத்துப் படிக்க வெக்கப்பட வேண்டாம், தாளோட வாரவங்களப் பாத்தா டாக்டருமாருக்கு வேலை லேசாத்தான் ஆவுது, இத நான் கண்ணால பாத்திருக்கேன்.

வீட்டுக்காரரு விசயம். அவரு உங்க மேல உள்ள அக்கறையிலதான் பேசுதாரு, ஆனா நோவு அவரு கையில இல்ல, உங்க கையில இருக்கு. ஆஸ்பத்திரியில வச்சு அவர அடக்கப் போனா சண்டையாயிரும், அதனால வீட்டுலயே ‘இன்னிக்கி நான் சொல்லுதேன், நான் விட்டுட்டேன்னா நீங்க எடுத்துக் குடுங்க’ன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போங்க, அவருக்கும் ஒரு வேலை குடுத்த மாதிரி ஆச்சு. மாதவிடாய், குழந்தைன்னு அவரு முன்னால பேச முடியாதது இருந்தா நர்சுகிட்ட மெதுவா ‘நான் மட்டும் பேசணும்’னு சொல்லுங்க, அனுப்பி வைப்பாங்க. அப்பிடிக் கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு, ஆம்பள டாக்டர் சோதிக்கும்போது கூட ஒரு பொம்பள இருக்கணும்னு கேக்கதும் உரிமைதான்.

மருந்து பேரு தெரிஞ்சு வச்சுக்கிடுங்க, மஞ்சக் கலர் மாத்திரை, சின்ன மாத்திரைன்னு சொல்லாதீங்க. முடக்குவாதத்துக்கு ரொம்பப் பேருக்கு எழுதுதது மெத்தோட்ரெக்சேட். அது வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் போடுத மாத்திரை, தெனமும் போட்டா ரத்த அணுக்கள் கொறைஞ்சு உசுருக்கே ஆபத்தாயிரும், அப்பிடித் தெரியாம போட்டு வார்டுக்கு வந்தவங்க உண்டு. உங்க சீட்டுல அது இருந்தா எந்தக் கிழமைன்னு டாக்டர வச்சே எழுதி வாங்குங்க, அட்டையிலயும் பெருசா எழுதி வைங்க. ரத்த அணு, ஈரல் டெஸ்ட் எத்தன மாசத்துக்கு ஒருக்க எடுக்கணும்னு கேளுங்க. அது போடும்போது கர்ப்பம் ஆகக் கூடாது, அதையும் மறைக்காம பேசணும். பக்கத்துல யாரோ போடுத ஊசியில ‘உடனே கேக்கு’ன்னு போயிராதீங்க, அதுல ஸ்டீராய்டு இருக்கான்னு கேளுங்க. நாள்கணக்கா ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவங்க திடீர்னு தானா நிறுத்தவும் கூடாது.

அவரு சொன்னது வெளங்கலன்னா சும்மா தலைய ஆட்டிட்டு வராதீங்க. ‘சார், நான் புரிஞ்சுக்கிட்டது சரியான்னு பாருங்க, இது ஞாயித்துக்கிழம மட்டும், இது தெனம் ராத்திரி’ன்னு திருப்பிச் சொல்லுங்க. இது எதுத்துப் பேசுதது கெடையாது. உங்ககிட்ட பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருந்தா உங்க முக்கூடல்லயே பீடித் தொழிலாளர் ஆஸ்பத்திரி இருக்கு, அதையும் விட்டுராதீங்க. விரல் கோணிப் போயி கை வேலைக்கு ஆகலங்கத அளவுக்கு வந்திருந்தா, முடக்குவாதங்கிற பேரு மாற்றுத்திறனாளி சட்டத்துல இல்லாட்டியும் கை கால் இயக்கக் குறைபாடுன்னு அளந்து சதவீதம் போடலாம், 40 சதவீதம் வந்தா சலுகைக்கு வழி இருக்கு. சான்றிதழ் போர்டுல கேக்கும்போதும் ‘பரவால்ல’ன்னு மட்டும் சொல்லிராதீங்க தங்கச்சி.

கேள்வி (விக்கிரமசிங்கபுரம், 27 வயது): அம்மா, எங்க அப்பாவுக்கு ரெண்டு கிட்னியும் வேலை செய்யல, வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ். முதல்ல பாத்த தனியார் ஆஸ்பத்திரியில பைலக் கேட்டா அதெல்லாம் வெளிய குடுக்கக் கூடாதுன்னு சொல்லுதாங்க. இன்னொரு டாக்டர்கிட்ட காட்டிப் பாக்கணும்னு ஆசை, ஆனா இப்ப பாக்க டாக்டரு கோவப்பட்டு இனி பாக்க மாட்டேன்னுட்டா என்ன செய்ய? மாற்றுத்திறனாளி அட்டை கெடைக்குமா?

பதில்: எய்யா, பைல் குடுக்கக் கூடாதுன்னு எந்தச் சட்டமும் இல்ல, குடுக்கணும்னுதான் இருக்கு. மருத்துவக் கவுன்சிலோட 2002ஆம் வருச நடத்தை விதியில, நோயாளியோ அவரு அனுமதி குடுத்த ஆளோ கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள பதிவேடுகளக் குடுக்கணும்னு தெளிவா சொல்லிருக்கு, படுத்து வைத்தியம் பாத்த நோயாளியோட பதிவ மூணு வருசம் பத்திரமா வச்சிருக்கணும்னும் இருக்கு. வாயால கேட்டா வாயாலயே இல்லன்னுருவாங்க. அப்பா கையெழுத்துப் போட்டு, ‘என்னுடைய சிகிச்சைப் பதிவுகளின் நகல் வேண்டும்’னு ரெண்டு வரி எழுதி ரெண்டு பிரதி எடுத்து, ஒண்ணக் குடுத்துட்டு இன்னொண்ணுல தேதியும் சீலும் வாங்கிருங்க. நகல் எடுக்க காசு கேட்டா குடுத்துரலாம். சத்தம் போட வேண்டாம், சீல் வாங்கின தாளே போதும், நெறைய எடத்துல அத நீட்டினதும் பைல் வந்துரும்.

இன்னொரு டாக்டர்கிட்ட கருத்து கேக்கதும் உரிமைதான். தேசிய மனித உரிமை ஆணையம் தயாரிச்சு 2018ல மத்திய சுகாதாரத்துறை வெளியிட்ட நோயாளி உரிமைச் சாசன வரைவுல 17 உரிமை எழுதியிருக்கு, அதுல ரெண்டாவது கருத்து கேக்க உரிமை, மருந்தும் டெஸ்டும் எங்க வேணும்னாலும் எடுக்க உரிமை எல்லாம் உண்டு. நல்ல டாக்டரு இதுக்குக் கோவப்பட மாட்டாரு. ‘சார், உங்க மேல நம்பிக்கை இல்லாம இல்ல, பெரிய நோயி, வீட்டுல எல்லாரும் ஒரு தடவ கேட்டுருவோம்னு சொல்லுதாங்க’ன்னு மரியாதையா சொல்லிட்டே போங்க, ஒளிச்சுக்கிட்டுப் போக வேண்டாம்.

இப்ப நான் உங்க அப்பாகிட்ட நேரா பேசணும், ஏன்னா டயாலிசிஸ் மிஷின்ல படுக்கது அவரு. அண்ணாச்சி, பிஸ்டுலா, அதாவது டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய இணைச்சு வச்சது, போட்ட கை எந்தக் கையோ அந்தக் கையில யாரையும் பிரஷர் பாக்க விடாதீங்க, ரத்தம் எடுக்க, டிரிப் ஏத்த விடாதீங்க, வேற வார்டுல வேற நர்சு அவசரத்துல அந்தக் கையத் தொட வந்தா ‘இந்தக் கை வேண்டாம்மா, டயாலிசிஸ் கை’ன்னு நீங்கதான் சொல்லணும், மவன் எப்பவும் பக்கத்துல இருக்க மாட்டான். தெனமும் அந்த எடத்துல விரல வச்சுப் பாருங்க, பூனை உறுமுத மாதிரி ஒரு அதிர்வு இருக்கும், அது நின்னு போச்சுன்னா நாளைக்கிப் பாப்போம்னு விடாம அன்னைக்கே ஓடுங்க. ‘என் டிரை வெயிட் எவ்வளவு’ன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கிடுங்க, அதாவது தண்ணி தேங்காம இருக்கும்போது உள்ள எடை. ஒவ்வொரு தடவையும் எவ்வளவு தண்ணி எடுக்கப் போறாங்கன்னும் கேளுங்க. பாதியில கால் இழுத்துப் பிடிக்கு, கண்ணு இருட்டுதுன்னா பல்லக் கடிச்சுக்கிட்டுப் படுத்துக் கெடக்கக் கூடாது, கையத் தூக்கிக் கூப்பிடணும். வேகமா, கூடுதலா தண்ணி எடுத்தாலும் அப்பிடி ஆகும், சொன்னாத்தான் சரி பண்ணுவாங்க.

செலவுக்கு, வருச வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்ள இருந்தா முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல குடும்பத்துக்கு வருசத்துக்கு 5 லட்சம் வரைக்கும் உண்டு, டயாலிசிஸ் அதுல வருது. டயாலிசிஸுக்கு ரயில்ல போனா நோயாளிக்கும் கூடப் போற ஒரு ஆளுக்கும் ஸ்லீப்பர்ல 75 சதவீதம் கட்டணச் சலுகை இருக்கு, ஆஸ்பத்திரி சான்று வேணும். வீட்டுலயே வயித்து வழியா செய்யுத டயாலிசிஸ் அப்பாவுக்கு ஒத்து வருமான்னு டாக்டர்கிட்ட கேட்டுப் பாருங்க, 2021ல தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல அதுக்கான திரவப் பையக் குடுக்காங்க. மாற்றுத்திறனாளி அட்டைதான் கஷ்டம். 2016ஆம் வருச சட்டத்துல 21 வகை குறைபாடு இருக்கு, கிட்னி செயலிழப்பு அதுல கெடையாது. வாரத்துல மூணு நாள் மிஷின்ல படுக்க ஆளு எந்த வேலைக்குப் போக முடியும், அது அந்தப் பட்டியல்ல வரணுங்கதுதான் என் கருத்து. கேட்டுக்கிட்டே இருந்தாத்தான் ஒரு நாள் வரும்.

கேள்வி (பாளையங்கோட்டை, கல்லூரி மாணவி): எனக்கு எட்டாங்கிளாஸ்ல இருந்து வலிப்பு இருக்கு, மாத்திரை போட்டு ரெண்டு வருசமா வரல. வீட்டுல மாப்பிள்ளை பாக்க ஆரம்பிச்சிருக்காங்க, அம்மா வெளிய மூச்சு விடக் கூடாதுன்னு சொல்லுதாங்க, மாத்திரையக் கூட கல்யாணத்துக்கு முன்ன நிறுத்திரலாம்னு ஒரு பெரியம்மா சொல்லுதாங்க. நான் சொல்லணுமா வேண்டாமா?

பதில்: எம்மா, மாத்திரைய யாரு சொன்னாலும் நீயா நிறுத்தாத. திடீர்னு நிறுத்தினா விடாம வலிப்பு வந்து ஐசியூ வரைக்கும் போயிரும். ரெண்டு வருசம் வராம இருந்தா கொறைக்கலாமான்னு கேக்கது நியாயமான கேள்விதான், ஆனா அத நரம்பு டாக்டர்கிட்ட கேக்கணும், பெரியம்மாகிட்ட இல்ல.

அடுத்து, நீ தனியா உன் டாக்டர்கிட்ட போயி, கூச்சப்படாம, ‘எனக்குக் கல்யாணம் பேசுதாங்க, இந்த மருந்தோட குழந்தை பெத்துக்கிடலாமா’ன்னு கேளு. வால்புரோயேட்னு ஒரு மருந்து இருக்கு, வலிப்புக்கு நல்லா கேக்கும், ஆனா கர்ப்பத்துல போட்டா பிள்ளைக்கு குறைபாடு வர வாய்ப்பு கூடுதல். நீ போடுதது அதுதான்னா முன்கூட்டியே மாத்த முடியுமான்னு பாப்பாங்க, போலிக் ஆசிடும் எழுதுவாங்க. இத கர்ப்பம் ஆன பெறவு கேட்டா லேட்டு. எத்தனையோ பிள்ளைக இந்தக் கேள்விய அம்மாவுக்குப் பயந்து கேக்காமலே கல்யாணம் ஆகிப் போறாங்க, எனக்கு இந்தக் கடுதாசியில மனசு ரொம்பக் கெடந்து அடிச்சது இதுக்காகத்தான்.

மாப்பிள்ளை வீட்டுல சொல்லணுமான்னு கேட்டா, சொல்லணும். ஊருக்கே தண்டோரா போட வேண்டாம், ஜாதகம் எடுத்துட்டு வார தரகருகிட்டயும் சொல்ல வேண்டாம், பேச்சு உறுதியாகுத கட்டத்துல அந்தப் பையன்கிட்ட நீயே சொல்லு, ‘இது இருக்கு, மாத்திரை போடுதேன், ரெண்டு வருசமா வரல’ன்னு மூணு வார்த்தை. முன்ன இந்து திருமணச் சட்டத்துல வலிப்பு இருந்தா கல்யாணம் செல்லாதுங்கத மாதிரி ஒரு வரி இருந்துச்சு, 1999ல திருத்தி அத எடுத்துட்டாங்க. இப்ப வலிப்பு இருக்குங்கத ஒண்ண வச்சு யாரும் உன் கல்யாணத்த செல்லாதுன்னு சொல்ல முடியாது. ஆனா மறைச்சுப் பண்ணினா ஏமாத்திட்டாங்கன்னு வேற பேச்சு வரும், அத விட, புகுந்த வீட்டுல மாத்திரைய ஒளிச்சு வச்சுத் திங்க ஆரம்பிச்சா ஒரு நாள் விட்டுப் போகும், அன்னைக்கே வரும். சொன்னதும் எந்திரிச்சுப் போற வீடு போகட்டும்.

காலேஜ்ல கூட இருக்க ரெண்டு பிள்ளைககிட்டயாவது சொல்லி வை. வந்தா கையில இரும்புச் சாவி குடுக்க வேண்டாம், வாயில எதையும் திணிக்க வேண்டாம், ஒருக்களிச்சுப் படுக்க வச்சு நேரத்தப் பாக்கணும், அஞ்சு நிமிசம் தாண்டினா 108க்கு அடிக்கணும். இது அவங்களுக்குத் தெரிஞ்சிருந்தா உனக்குப் பயம் பாதி கொறையும்.

கேள்வி (திசையன்விளை, 38 வயது): பனையில இருந்து விழுந்து மூணு வருசம் ஆச்சுக்கா, நெஞ்சுக்குக் கீழ உணர்ச்சி இல்ல, வீல்சேர்தான். ஆஸ்பத்திரிக்குப் போனா எல்லாரும் எம் பொண்டாட்டியப் பாத்துத்தான் ‘இவருக்கு என்ன செய்யுது’ன்னு கேக்காங்க. எனக்கு மூளை நல்லாத்தான இருக்கு. டாய்லெட்டுக்குள்ள சேர் போகாது, ஸ்கேன் ரூமுக்குப் படி. ஒரு தடவ தலைவலி தாங்க முடியாம போனேன், சும்மா பிரஷர்னு மாத்திரை குடுத்து அனுப்பிட்டாங்க, வீட்டுக்கு வந்து பாத்தா மூத்திர டியூப் மடங்கிக் கெடந்துச்சு. இதுக்கெல்லாம் யார்கிட்ட போயி சொல்ல?

பதில்: தம்பி, அந்தத் தலைவலியத்தான் முதல்ல பேசணும், மத்ததுக்கு நாள் இருக்கு. தண்டுவடத்துல மேல் முதுகுலயோ கழுத்துலயோ அடிபட்டவங்களுக்கு, டாக்டருமாரு டி6ன்னு சொல்லுத எலும்புலயோ அதுக்கு மேலயோ, மூத்திரப்பை நெறஞ்சாலோ டியூப் மடங்கினாலோ மலம் கட்டினாலோ உடம்பு அத உணராது, ஆனா பிரஷர் சர்ருன்னு ஏறிரும், தலை பொளந்துரும், முகம் செவக்கும், வேர்த்துக் கொட்டும். இதுக்கு ஆட்டோனாமிக் டிஸ்ரிப்லெக்சியான்னு பேரு. பிரஷர் மாத்திரை மட்டும் குடுத்துட்டு காரணத்த விட்டுட்டா மூளையில ரத்தம் கசிய வரைக்கும் போகும். காஷுவால்டியில இருக்க எளந்தாரி டாக்டரு இத முன்னப் பின்ன பாத்திருக்கவே மாட்டாரு, அதனால அவருக்கு நீங்க சொல்லிக் குடுக்கணும். ஒரு அட்டையில எந்த எலும்புல அடின்னு எழுதி, ‘எனக்குத் திடீர் தலைவலியும் பிரஷரும் வந்தா நிமித்தி உக்கார வைங்க, முதல்ல டியூபையும் மூத்திரப்பையையும் பாருங்க, பெறவு மலக்கட்டப் பாருங்க’ன்னு தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் உங்க டாக்டர வச்சு எழுதி லேமினேட் பண்ணி சேர்லயே கட்டி வைங்க. உங்க சாதாரண பிரஷர் எவ்வளவுன்னும் அதுல இருக்கணும், உங்கள மாதிரி ஆளுகளுக்கு அது 90, 100ன்னு தாழ்வாத்தான் இருக்கும், அப்ப 140ங்கது மத்தவங்களுக்கு சும்மா தெரிஞ்சாலும் உங்களுக்கு பெரிய ஏத்தம்.

பொண்டாட்டியப் பாத்துப் பேசுததுக்கு ஒரு வழி, நீங்க முந்திக்கிடணும். சேர உருட்டி டாக்டர் மேசைக்கு நேரா நீங்களே போயி, அவரு கேக்க முன்ன ‘சார், நான்தான் நோயாளி, நானே சொல்லுதேன்’னு ஆரம்பிங்க. அவங்கள ஒரு எட்டு பின்னால நிக்கச் சொல்லுங்க. அப்பவும் அவங்களப் பாத்துக் கேட்டா, பதில நீங்க சொல்லுங்க, அவங்க வாயத் தொறக்க வேண்டாம். ரெண்டு கேள்வியில பார்வை உங்க பக்கம் திரும்பிரும்.

படிக்கும் டாய்லெட்டுக்கும் சட்டம் இருக்கு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, 25ஆம் பிரிவு, அரசு ஆஸ்பத்திரி மட்டுமில்ல தனியார் ஆஸ்பத்திரியிலயும் எல்லா எடத்துக்கும் தடையில்லாம போக வழி இருக்கணும்னு சொல்லுது, பாக்கதுலயும் சிகிச்சையிலயும் முன்னுரிமை குடுக்கணும்னும் சொல்லுது. அதனால வரிசையில உங்கள முன்னால விடுததுக்கு ‘பாவம்’னு யாரும் மனசு வைக்க வேண்டியதில்ல. 2024 நவம்பர்ல உச்ச நீதிமன்றம் இந்த அணுகல் வசதி விதியெல்லாம் வெறும் பரிந்துரையா இருக்கக் கூடாது, கட்டாயமா ஆக்கணும்னு தீர்ப்பும் சொல்லியாச்சு. போட்டோ எடுத்து, மனு எழுதி, திங்கக்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள்ல குடுத்து ரசீது வாங்குங்க, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கும் ஒரு பிரதி. தென்காசி மாவட்டத்துக்காரங்க 2019ல மாவட்டம் பிரிஞ்ச பெறவு அங்கயே குடுக்கலாம். ஒத்த ஆளா போறத விட உங்க ஏரியாவுல சேர்ல இருக்க நாலு பேரு சேந்து போங்க, அப்பத்தான் உள்ள கூப்பிட்டுப் பேசுவாங்க. அடையாள அட்டையில நீங்க எந்தக் கலர்னு பாத்துக்கிடுங்க, 80 சதவீதமும் அதுக்கு மேலயும்னா நீலம், 40ல இருந்து 80க்குள்ளன்னா மஞ்சள். பனைத் தொழிலாளர் நலவாரியத்துல பதிஞ்சிருந்தீங்கன்னா அங்கயும் விசாரிங்க.

ஆய்க்குடிக்கு ஒரு தடவ போயிட்டு வாங்க. அங்க அமர் சேவா சங்கம் இருக்கு, தண்டுவடம் அடிபட்டவங்களுக்குத் தனியா மறுவாழ்வு மையமே வச்சிருக்காங்க. அத 1981ல ஆரம்பிச்ச ராமகிருஷ்ணன் இஞ்சினியரிங் படிச்சுக்கிட்டு இருந்தப்ப, 1975ல கடற்படை அதிகாரி தேர்வுல விழுந்து கழுத்துக்குக் கீழ இயக்கம் போனவரு. புனேயில ராணுவ ஆஸ்பத்திரியில தனக்கு வைத்தியம் பாத்த டாக்டர் அமர்ஜித் சிங் சாஹல் பேரத்தான் சங்கத்துக்கு வச்சாரு. 2020ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. படுக்கைப் புண் வராம சேர்ல இருந்து எப்பிடி எவ்வளவு நேரத்துக்கு ஒருக்க இடுப்பத் தூக்கி எடைய மாத்தணும், டியூப்ப எப்பிடி சுத்தமா வச்சிக்கிடணுங்கத எல்லாம் உங்கள மாதிரியே சேர்ல இருக்க ஆளு சொல்லிக் கேட்டா மனசுல நிக்கும்.

கேள்வி (சங்கரன்கோவில்): பையனுக்கு 9 வயசு, ஹீமோபிலியா, ரத்தம் சரியா உறையாத நோயி. விழுந்தா தூக்கிட்டு ஓடுதோம், போன எடத்துல இடுப்புல ஊசி போட வாராங்க, தடுத்தா ‘நீங்க டாக்டரா’ன்னு கேக்காங்க.

பதில்: தடுங்கம்மா, தைரியமா தடுங்க. ஹீமோபிலியா பிள்ளைக்கு சதையில ஊசி போட்டா உள்ள ரத்தம் கட்டிக்கிடும், ஆஸ்பிரின் மாதிரி வலி மாத்திரையும் ஆகாது. தலையில அடின்னா ஸ்கேனுக்குக் காத்திருக்காம முதல்ல பேக்டர், அதாவது ரத்தத்த உறைய வைக்குத மருந்து, ஏத்தணும், பெறவுதான் மத்தது. இத வைத்தியம் பாக்க டாக்டர்கிட்ட லெட்டர்பேட்ல எழுதி வாங்கி, ஒண்ணு உங்க பர்சுல, ஒண்ணு பையன் ஸ்கூல் பையில, ஒண்ணு கிளாஸ் டீச்சர்கிட்ட இருக்கட்டும். அப்பொறம் யாரும் நீங்க டாக்டரான்னு கேக்க மாட்டாங்க, கேட்டா லெட்டரக் காட்டுங்க. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில பேக்டர் இலவசம், நம்ம பக்கத்துக்கு பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி. மாற்றுத்திறனாளி சட்டத்துல உள்ள 21 வகையில ஹீமோபிலியா உண்டு, அட்டைக்கு எழுதிப் போடுங்க. பையனுக்கும் சொல்லிக் குடுங்க, ‘எனக்கு ஹீமோபிலியா, சதையில ஊசி போடாதீங்க’ன்னு, 9 வயசுப் பிள்ளை அழகா சொல்லும், நீங்க பக்கத்துல இல்லாத அன்னைக்கி அதுதான் அவனக் காப்பாத்தும்.

கேள்வி (அம்பாசமுத்திரம், 66 வயது): சர்க்கரைக்கு மாத்திரையோட சிறுகுறிஞ்சான் பொடியும் சாப்பிடுதேன், டாக்டர்கிட்ட சொன்னா திட்டுவாருன்னு சொல்லல.

பதில்: சொல்லிருங்க அண்ணாச்சி. மாத்திரையும் சர்க்கரையக் கொறைக்கும், அந்தப் பொடியும் கொறைக்கும்னா ரெண்டும் சேந்து ராத்திரியில கீழ எறக்கிவிட்டுரும், வேர்த்து மயங்கி விழுந்தா என்ன சாப்பிட்டீங்கன்னு வீட்டுல யாருக்கும் சொல்லத் தெரியாது. திட்டினா ரெண்டு நிமிசம் திட்டுவாரு, பெறவு அதுக்குத் தக்கன மாத்திரைய மாத்தி எழுதுவாரு. பொடி டப்பாவையே கையில கொண்டு போங்க, கிட்னி டெஸ்டும் எடுக்கச் சொல்லிக் கேளுங்க.

கேள்வி (மேலப்பாளையம்): எனக்குக் காது கேக்காது, வாயும் பேச வராது, பாளையங்கோட்டையில காது கேளாதோர் பள்ளிக்கூடத்துல படிச்சேன், எழுதப் படிக்கத் தெரியும். ஓபியில பேரக் கூப்பிடுதது எனக்குத் தெரியாது, என் முறை போயிருது. அம்மாவக் கூட்டிட்டுப் போனா அவங்களே எல்லாத்தையும் பேசிருதாங்க.

பதில்: சீட்டுப் பதியுத எடத்துலயே, ஓபி சீட்டு மேல செவப்புப் பேனாவுல ‘காது கேளாதவர், கை காட்டிக் கூப்பிடவும்’னு எழுதச் சொல்லுங்க, இல்லன்னா நீங்களே எழுதிருங்க. சீட்ட வாங்கி அடுக்குத நர்சு கண்ணுல படுத மாதிரி நேர் எதிர்ல உக்காருங்க, முதல்லயே அவங்ககிட்ட சீட்டக் காட்டி உங்களத் தொட்டுக் காட்டிருங்க. வார்டுல நின்னவளா சொல்லுதேன், முகம் ஞாபகத்துல பதிஞ்சிட்டா நாங்க மறக்க மாட்டோம். உள்ள போனதும் போன்ல டைப் பண்ணி வச்சத டாக்டர்கிட்ட நீட்டுங்க, அவரு பதிலையும் அதுலயே டைப் பண்ணவோ பேசிப் பதியவோ சொல்லுங்க, மாஸ்க் போட்டிருந்தா கழட்டச் சொல்லி சைகை காட்டுங்க. ஆபரேஷன் மாதிரி பெரிய விசயம்னா எழுத்து பத்தாது, சைகை மொழி தெரிஞ்ச ஒரு ஆளு வாட்ஸ்அப் வீடியோவுல வந்து நின்னாத்தான் கையெழுத்துப் போடுவேன்னு சொல்லுங்க, புரியாத தாள்ல கையெழுத்துப் போட உங்கள யாரும் கட்டாயப்படுத்த முடியாது. அம்மா கூட வரட்டும், வெளிய பெஞ்சுல இருக்கட்டும், மருந்து வாங்குத எடத்துல சேந்துக்கிடுங்க.